இட்லிப் பானையில் வைத்த ஷட்டில்

இன்று மாட்டுங்காவில் ஒரு கடையில் பேட்மிண்டன் ஆட ஒரு டப்பா இறகு ஷட்டில் வாங்கினேன்.

"புதுசா ஆடுறவங்களுக்கு பிளாஸ்டிக்கே போதும்மா. இறகு சீக்கிரம் ஒடிஞ்சிரும்" என்றார் கடைக்காரர்.

"ஆவி காட்டினா ஒடியாது" என்றேன்.

எண்பத்தஞ்சில் சுனாபட்டியில் குடியிருந்தபோது என் வீட்டுக்காரர் இட்லிப் பானை ஆவியில்தான் ஷட்டிலைக் காட்டுவார். நான் கத்துவேன். "ஏட்டி, வாத்து இறகுதானே. நீயும் கீழ வந்து ஆடேன்" என்பார்.

ஒரே ஒரு நாள் போனேன். தலைக்கு மேலே தூக்கி சர்வீஸ் அடித்தேன்.

"இடுப்புக்குக் கீழ வச்சு அடிக்கணும்ட்டி. தேங்காயா ஒடைக்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் எத்தனை தடவை கூப்பிட்டும் நான் போகவில்லை.

அவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அவருடைய ராக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறான் மகன். நான் கொடுக்கவில்லை. நாளைக்குக் காலையில் எங்கள் கட்டிடத்துப் பெண்களோடு அதை வைத்துத்தான் ஆடப் போகிறேன்.

ஆவியில் எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்டு வைக்கவில்லை. இட்லிக்கு வைப்பதுபோல் ஒன்றைப் பத்து நிமிடம் வைத்தேன். அடித் தக்கை தனியாகக் கழன்று வந்துவிட்டது.

டப்பாவில் இன்னும் பதினொன்று இருக்கிறது. தெரிந்தவர்கள் காலைக்குள் சொல்லுங்கள்.