மூன்று மீற்றர் கேபிள்

மருதனார்மடம் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றபோது, போன் திருத்தும் கடையிலிருந்து ஈயம் உருகும் வாசம் வந்தது. தொண்டையைக் கரகரக்க வைக்கும் வாசம். சொன்னால் சிரிப்பீர்கள், அதற்காக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன். ஸ்டெல்லாவின் மேசையில் எப்போதும் அந்த வாசம்தான்.

மானிப்பாயில் போட்டோப் பிரதிக் கடைக்கு மேலே எங்கள் பட்டறை. வேலைக்கு நாங்கள் இரண்டு பெண்கள்தான். படகு கடலில் எங்கே நிற்கிறதென்று கரைக்கு அறிவிக்கும் சின்னப் பெட்டிகள் செய்தோம். குருநகர்க்காரி ஸ்டெல்லா ஈயம் பற்றவைப்பாள். நான் புரோகிராம் எழுதி, கொம்பியூட்டரிலிருந்து யூஎஸ்பி கேபிள் வழியாகப் பெட்டிக்குள் ஏற்றுவேன். என்னை நானே பெரிய எஞ்சினியராக நினைத்திருந்த காலம். அந்த எண்ணத்தில் விசிறிக்கு நேர்கீழே மேசையைப் போட்டுக்கொண்டேன். அவளுடைய மேசை யன்னலோரம். அங்கே எட்டவேண்டுமென்று மூன்று மீற்றர் கேபிள் ஒன்றை நானே வாங்கிவந்தேன். மெல்லிய வயர், விலையும் மலிவு.

முதற்பெட்டி ஸ்டெல்லாவின் அண்ணைக்கு. முந்தைய வருடம் எஞ்சின் நின்று இரண்டு நாள் கடலில் மிதந்து திரிந்தவர் அவர். திங்கட்கிழமை பெட்டியோடுதான் கடலுக்குப் போவேன் என்று காத்திருந்தார். ஆனால் அந்த வாரம் முழுக்கப் புரோகிராம் பாதி ஏறும், நிற்கும். பெட்டியையே காணவில்லை என்று கொம்பியூட்டர் சொல்லும். நான் ஸ்டெல்லாவின் பற்றவைப்பில்தான் பிழை என்றேன். அவள் இரண்டு தரம் கழற்றித் திரும்பப் பற்றவைத்தாள்.

சனிக்கிழமை காலை அவள் வருமுன், பெட்டியைத் தூக்கிவந்து என் போனின் குட்டைக் கேபிளால் கொம்பியூட்டரில் நேரே செருகிப் பார்த்தேன். நிற்காமல் ஏறியது. ஐந்து தரம் பார்த்தேன், ஐந்து தரமும் ஏறியது. பிழை நான் வாங்கிய கேபிளில். அவள் வந்ததும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நீளக் கேபிளைத் திரும்பச் செருகிவிட்டுச் சும்மா இருந்தேன். அவள் மூன்றாவது தரமும் கழற்றத் தொடங்கினாள். மத்தியானத்துக்குள் விரலைச் சுட்டுக்கொண்டாள். அந்த விரலைத் தண்ணீர்க் கோப்பைக்குள் வைத்தபடி அவள் இருந்ததைப் பார்க்க முடியாமல் உண்மையைச் சொன்னேன்.

“உமக்கு எப்ப தெரியும்?”

“காலமையே தெரியும்.”

“அண்ணை நடுக்கடலிலை நிக்கேக்கை இது வேலை செய்யாட்டி, அப்பவும் பேசாமல் இருப்பீரோ?”

குரலை உயர்த்தவில்லை. வயர் வெட்டும் குறட்டை எடுத்து அந்தக் கேபிளை இரண்டாக வெட்டினாள். என் கதிரையைத் தூக்கித் தன் மேசையோரம் வைத்தாள். குட்டைக் கேபிளில், வேகத்தையும் குறைத்து, முதலிலிருந்து ஏற்றி மூன்று தரம் சரிபார்த்தோம். திங்கள் காலை அண்ணையின் படகு திரையில் புள்ளியாகத் தெரிந்தபோது ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். என் கண்ணில் வந்ததை வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன்பிறகு எனக்கு விசிறிக் காற்று இல்லை. குறைத்த வேகத்தில் ஒரு பெட்டிக்குப் பதினொரு நிமிடம் பிடிக்கும். அதுவரை தோளோடு தோள் இருந்து கதைப்போம். அண்ணைக்குப் பெண் பார்க்கப் போனது, அம்மா கூழுக்கு நண்டு கூடுதலாகப் போட்டது, கோயில் பாட்டுக்குழுச் சண்டை எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தன.

இப்போது பட்டறை இல்லை. நான் வீட்டிலிருந்து அனுப்பும் புரோகிராம் கேபிளே இல்லாமல் சில விநாடியில் ஏறிவிடுகிறது. குருநகரில் ஸ்டெல்லா சரிபார்த்துவிட்டு ‘ஓகே’ என்று ஒரு சொல் அனுப்புவாள். போன மாதம் சந்தையில் கண்ட குருநகர்க்காரி ஒருத்தி சொல்லித்தான் அறிந்தேன்: ஸ்டெல்லாவின் அம்மா காலமாகி, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டதாம். அந்த நாட்களிலும் எனக்கு ‘ஓகே’ வந்துகொண்டுதான் இருந்தது.