ஒரு முழம் ஏறிய ஏரி

ஐம்பதுகளில் பெங்களூரில் ஓர் ஏரியின் மட்டத்தைப் பார்ப்பது என் உத்தியோகம். காலையில் கரையேறி, மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளக்க வேண்டும். பிறகு ஏரிக்குள் நட்டிருந்த அளவுக் கம்பில் தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நாரைகளும் அதே இடத்தில் நின்று அதே தண்ணீரைத்தான் பார்த்தன. அவற்றுக்குச் சம்பளம் கிடையாது. என் வீடு கரைக்குக் கீழே, பள்ளத்தில். மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

கம்பு சில நாளாக ஆடிக்கொண்டிருந்தது. எருமைகள் அதில் முதுகைச் சொறிந்துகொள்ளும். நானே அடித்து இறக்க வேண்டியதுதான் என்று, துறையில் துணி துவைக்கிற பெரியவரிடம் புலம்பியிருந்தேன்.

மறுநாள் மழைமானி காய்ந்து கிடந்தது. கம்பிலோ தண்ணீர் ஒரு முழம் ஏறி நின்றது. மழையில்லாமல் ஏரி ஏறுமா? எங்கள் ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அமைந்தவை. மேல் ஏரி உடைந்தால் தண்ணீர் இங்கே வரும். இதுவும் உடைந்தால் அடுத்தது என் வீடு. படித்த மூளை நொடியில் இவ்வளவையும் கணக்குப் போட்டுவிட்டது. தலையைத் திருப்பிக் கரையோரத்தைப் பார்க்கலாம் என்று மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

ஓடினேன். ஒரு செருப்பு கரையிலேயே தங்கிவிட்டது.

“ஜல்தி கிளம்பு. மேல் ஏரி உடைஞ்சிருச்சு.”

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “யாரு சொன்னாங்க?”

“கம்பு சொல்லுது.”

உயிர் போகிற நேரத்தில் நான் எடுத்துக்கொண்டவை ஊறுகாய் ஜாடியும் குடையும். பக்கத்தில் மேடு என்றால் ஏரிக்கரைதான். அவளைக் கைத்தாங்கலாக அங்கேயே ஏற்றினேன். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, வெள்ளத்துக்குப் பயந்து ஏரிக்கா கூட்டிட்டுப் போறீங்க?”

“மேல வந்து பேசு.”

மேலே வந்த பிறகுதான் கரையோரத்தைப் பார்த்தேன். பெரியவர் வழக்கமான கல்லருகே, வழக்கம்போலக் கணுக்கால் தண்ணீரில் நின்று வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

“என்னா சார், குடும்பத்தோட ஜாடிய தூக்கிக்கினு?”

“கம்பு ஒரு முழம்...”

“அதுவா? நான்தான் கல்லால அடிச்சு இறக்கிட்டேன். அம்மா மாசமா இருக்கறப்ப புருஷன் முளை அடிக்கலாமா? வயித்துப் பிள்ளைக்கு ஆகாதே. நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கு அதே கவலை.”

ஒரே பிள்ளைக்காக அவர் ஒரு பக்கம் பயந்திருக்கிறார், நான் ஒரு பக்கம். பயமே இல்லாதவள் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பேசாதீங்க, சிரிச்சா வலிக்குது” என்றாள். பிறகு ஜாடியைத் திறந்து ஒரு மாங்காய்த் துண்டை எடுத்துக்கொண்டாள். நாரைகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கம்பைச் சரியாக நட நான் தண்ணீரில் கால் வைத்தபோது பெரியவர் அதட்டினார். “பாப்பா பொறக்கட்டும் சார்.”

மகள் பிறந்த பிறகுதான் அதைத் தொட்டேன். அதுவரை கம்பில் கண்டதில் ஒரு முழம் கழித்தே எழுதினேன். எழுதுவதற்கு முன் பெரியவரின் கணுக்காலையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.