தேசிக்காய்த் தண்ணீரில் வெளுத்த தட்டு

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், கணவரின் பிறந்தநாளுக்கு நானே ரவையும் கஜுப் பருப்பும் போட்ட லவ் கேக் செய்வதென்று முடிவெடுத்தேன். உரும்பிராயில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கேக் செய்து விற்பவள். முப்பது வயதிருக்கும். அவளிடம் அலுமினியத் தட்டொன்றை இரவல் வாங்கினேன்.

கேக் நன்றாகவே வந்தது. ஆனால் தேனும் சீனியும் வழிந்து தட்டின் மூலைகளில் கருகிப் பிடித்துக்கொண்டன. கைபேசியில் ஒரு வீடியோ பார்த்து, அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி இரண்டு மணி நேரம் வைத்தேன். கழுவிப் பார்த்தால் கருகல் அப்படியே இருந்தது. வெள்ளையாக இருந்த தட்டு முழுவதும் கறுத்துப் போயிருந்தது.

மறுநாள் அவளுக்கு ஒரு கலியாண வீட்டு ஓடர். தட்டைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன்.

“பிள்ளை, உன்ரை தட்டைப் பழுதாக்கிப் போட்டன். புதுசு வாங்கித் தாறன்.”

பேப்பரைப் பிரித்துப் பார்த்தாள். “அப்பச்சோடா போட்டனீங்களோ ரீச்சர்?”

“ஓம்.”

“நானும் முதல்ல அப்பிடித்தான் செய்தனான். மூண்டு தட்டு. அழுதுபோட்டன். உள்ளுக்கு வாங்கோ.”

தட்டு நிறையக் கொதிநீர் ஊற்றிவிட்டு மா அரிக்கத் தொடங்கினாள். நான் இரண்டு தரம் எழும்பிப் போய்ச் சுரண்டப் பார்த்தேன்.

“இருங்கோ ரீச்சர். அது தானாய் விடும்.”

அரை மணி நேரம் கழித்து மரக்கரண்டியின் விளிம்பால் தள்ளினாள். கருகிய சீனி பொருக்குப் பொருக்காகக் கழன்றது. பிறகு பெரிய பானையில் தண்ணீர் வைத்து, நாலு தேசிக்காயைப் பிழிந்து, தோலையும் போட்டு, தட்டை அதற்குள் அமிழ்த்திக் கொதிக்கவிட்டாள். எடுத்தபோது கறுப்பு போய்த் தட்டு வெளுத்திருந்தது.

“ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. ஊறுகாய்க்குத் தேசிக்காய் அவிச்ச அண்டைக்குக் கறுத்த அலுமினியச் சட்டி வெளுத்துப்போச்சு. அப்ப தட்டையும் போட்டுப் பாத்தன்.”

நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். காரம் அலுமினியத்தை என்ன செய்யும், அமிலம் என்ன செய்யும் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். என் குசினியில் அது ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. இவள் சட்டியைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் கூட இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

ஒரு மூலையில் பழுப்பாக ஒரு பொட்டு மிச்சமிருந்தது. கம்பிச் சுருளுக்குக் கை நீட்டினேன். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“உரஞ்சினால் கீறல் விழும். கீறலிலைதான் கேக் ஒட்டும். கறை கிடக்கட்டும்.”

துடைத்து, பட்டர் பூசி, கடதாசி விரித்தாள். நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்து அவளுக்குக் கஜுப் பருப்பு நறுக்கிக் கொடுத்தேன். அன்று பின்னேரம் அந்தத் தட்டில் வெந்த கேக்கை அவள் கவிழ்த்தபோது, ஒரு துணுக்கும் ஒட்டாமல் முழுதாக வந்து விழுந்தது.