ரயில் கத்தாழை ஷாம்பூ

போன வருடம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில், எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம் நடந்தது இது. அன்று நான் விஞ்ஞானியாக ஆசைப்பட்டேன்.

மகள் பொத்தேரிக்குப் படிக்கப் போனபோது தன் நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். "அப்பா, இவன பத்திரமா பாத்துக்கப்பா" என்றவள், அதற்கப்புறம் எப்போது போன் செய்தாலும் முதலில் நாயைத்தான் விசாரிப்பாள். என் முறை வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

நாய்க்குத் தோல் ரொம்ப மென்மை. கடையில் வாங்கிய எந்த ஷாம்பூ போட்டாலும் வயிறெல்லாம் சிவந்துவிடும். சொறிவான், சொறிவான், சொறிந்துகொண்டே இருப்பான். அந்தச் சத்தத்தில் நான் ஒழுங்காகத் தூங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆபீஸ் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த வீடியோவைப் பார்த்தேன். மென்மையான தோல் உள்ள நாய்க்கு வீட்டிலேயே ஷாம்பூ: ஓட்ஸ் மாவு, கத்தாழை, தண்ணீர், அவ்வளவுதான். ஓட்ஸ் இருந்தது. டாக்டர் என்னைச் சாப்பிடச் சொல்லி, நான் கவனமாகத் தொடாமல் வைத்திருந்தது. கத்தாழைக்கு நர்சரி வரை போகவேண்டும். உடம்பு மாட்டேன் என்றது. ஆனால் முந்தின நாள் செய்யூரிலிருந்து திரும்பும்போது சவுக்குத் தோப்பு வேலியோரம் என் தோள் உயரத்துக்குக் கத்தாழை நின்றிருந்தது. வண்டியை நிறுத்தி ஒரு மடலை வெட்டி வந்திருந்தேன். நர்சரிக்காரன் குட்டிக் கத்தாழையை விற்று ஊரை ஏமாற்றுகிறான் என்று வழியெல்லாம் சிரிப்பு வேறு.

மடலைச் சீவினால் சதை வரவில்லை, நார் நாராக வந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மிக்ஸியில் அடித்து, சாறு வடித்து, ஓட்ஸைக் கலந்து நாயின் உடம்பு முழுக்கப் பூசினேன்.

ஒரு நிமிடம் இருக்கும். நாய் ஒரு கத்துக் கத்தியது. அப்படி ஒரு சத்தம் அதனிடமிருந்து நான் கேட்டதே இல்லை. தரையில் புரண்டது, சுவரில் உரசியது. அதற்குள் என் இரண்டு கையும் மிளகாய் அரைத்த மாதிரி எரிய ஆரம்பித்தன. குழாயைத் திறந்தேன். வெறும் காற்று. காலையிலிருந்தே மோட்டார் ரிப்பேர். தொட்டியில் மிச்சமிருந்ததையும் நாயை நனைக்கவே தீர்த்திருந்தேன். மனைவி ஊரில் இல்லை.

வாசலில் தண்ணி கேன் வண்டிச் சத்தம் கேட்டது. கேன் போடுகிற பாய் எப்போதும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "சார், நாய கட்டு!" என்று குரல் கொடுப்பவர். நாய் மேலே பட்டால் தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், நடுவில் வேலை கெடும் என்பார். அன்று கத்தலைக் கேட்டு உள்ளே ஓடி வந்தார்.

"இன்னா சார் பண்ணிகினு கீற?"

"கத்தாழை பாய்..." என்று மடலைக் காட்டினேன்.

"அட நைனா! இது ரயில் கத்தாழ! சோத்துக் கத்தாழயா இது? கைல பட்டாலே அரிச்சுக் கொன்னுடும். படிச்சவரு தானே நீ?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு கேனைத் தூக்கி வந்து மூடியைப் பிய்த்தார். "ஊத்து சார், நான் புடிச்சுக்கறேன்." திமிறிய நாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஊற்ற ஊற்ற, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து கேன். ஊரே குடிக்கிற மினரல் வாட்டரில் குளித்த ஒரே நாய் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கடைசிக் கேனில் நாய் அடங்கியது. அவருடைய சட்டை, லுங்கி எல்லாம் பச்சைச் சாறும் ஓட்ஸுமாக இருந்தது. அவர் முழங்கையும் தடித்துச் சிவந்திருந்தது.

"உங்க தொழுகை..." என்று இழுத்தேன்.

"வூட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கினு போறேன். நீ மொதல்ல இத டாக்டராண்ட தூக்கினு போ சார்."

செங்கல்பட்டில் கால்நடை டாக்டர் என் கையையும் நாயின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர்ல யார் பேஷன்ட்?" என்று கேட்டார். மருந்து கொடுத்தார். இனிமேல் ஊறவைத்து அரைத்து வடிகட்டிய ஓட்ஸ் தண்ணீர் மட்டும் போதும், வேறெதுவும் சேர்க்காதீர்கள் என்றார். 'வேறெதுவும்' என்பதை இரண்டு முறை சொன்னார். அன்று சாயங்காலம் மகளுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில், "உன் கை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

நாயின் தோல் இப்போது தேவலை. ஆனால் நான் குளியல் மக்கை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறான். கேன் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் வாலாட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடுகிறான். பாய் அங்கே நின்று, பழையபடி, "சார், நாய கட்டு!" என்கிறார்.

களைப்பாக இருக்கிறது, கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம், காலையிலிருந்து கேன் தூக்கி என்னைவிடக் களைத்திருந்த அந்த மனிதர், நனைந்த சட்டையோடு எங்கள் நாயை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்ததுதான் கண்முன் வருகிறது. எழுந்து, வேண்டியதை வாங்கக் கடைக்கே போய்விடுகிறேன்.