ஏறாத முள்

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் மேலகரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு லாரி வந்தது. செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப்போகிற வண்டி. டீசலாகக் குடிக்கிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது என்றார் டிரைவர். சூடு காட்டும் முள் மட்டும் ஏறுவதே இல்லை என்று பெருமை வேறு.

ஃபில்டர், பம்ப், நாசில் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து எனக்கு இடுப்பு விட்டுப்போனது. ஒன்றிலும் குறையில்லை. கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனதுமே அதற்குள் தண்ணீர் ஓடியது. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை நிறுத்திவைக்க வேண்டிய தெர்மோஸ்டாட் உள்ளே இல்லவே இல்லை.

“அத நான்தான் கழட்டிப் போட்டேன் அண்ணாச்சி. மலை ஏறுதப்ப கொதிச்சிரும்லா?”

இந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் டீசல் சரியாக எரியாது, முள் பாதிவரை ஏறத்தான் வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்லி, புதிதாக ஒன்றை மாட்டி அனுப்பினேன். புகை நின்றது.

அடுத்த வாரம் இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில் அதே லாரி, அதே வெள்ளைப் புகை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“நீங்க மாட்டுனதுல முள்ளு பாதிக்கு ஏறி நிக்குது அண்ணாச்சி. மலையில எனக்கு வேர்த்துப்போச்சு. புளியரையிலயே நிப்பாட்டிக் கழட்டிட்டேன். இப்ப முள்ளு அசையல. டீசல்தான் குடிக்குது. நாளைக்குக் கொண்டாரேன், என்னன்னு பாக்கியளா?”