காக்கை தொடாத சோறு

எங்கள் அக்கா முசரவாக்கத்தில் பிறந்து, காஞ்சிபுரத்தில் தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். மாமா காலமான பிறகு தாமே தறியில் உட்கார்ந்து இரண்டு பெண்களை வளர்த்தார். தம்பி என்னிடம்கூடக் கை நீட்டியதில்லை. அவ்வளவு ரோஷம்.

கோடை விடுமுறையில் அவருக்கு ஒரே சந்தோஷம், பிள்ளைகளோடு பறவை பார்ப்பது. புழக்கடையில் மண் தட்டில் தண்ணீர் ஊற்றி, பப்பாளித் துண்டு போட்டுவிட்டு மூவரும் மூச்சுக் காட்டாமல் உட்காருவார்கள்.

"வாலுக்கு அடியில செவப்பு தெரியுதா பாருமா. தெரிஞ்சா கொண்டக்குருவி. கும்பலா வந்து சண்ட போட்டுக்கினு இருந்தா தவுட்டுக்குருவி, நம்ம சொந்தக்காரங்க மாதிரி."

கடைசிக் கோடையில் நந்தியாவட்டைச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. குஞ்சுகளைக் காக்கை தூக்கிவிடாமல் பெரியவளைக் காவல் வைத்தார் அக்கா. அவளும் விடுமுறை முழுக்கத் தகரத்தைத் தட்டி விரட்டினாள். குஞ்சுகள் பிழைத்துப் பறந்தன. காக்கைகள் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டன.

அதன் பிறகுதான் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் ரத்தம் ஏற்றியும் தேறவில்லை. கடைசியாக என் போனில் பெரியவளோடு பேசினார்.

"தட்டுல தண்ணி ஊத்துனியாமா?"

"மறந்துட்டேம்மா."

"சரி விடு, நாளிக்கு ஊத்திக்கலாம்" என்று சிரித்தார். போனைப் பிடித்திருந்தவன் நான், என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் அக்கா இல்லை.

காரியத்தன்று மதில்மேல் வைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. எப்படித் தொடும்? கோடை முழுக்க விரட்டியிருக்கிறோமே! ஆனால் உறவில் மூத்தவர் ஒருவர், அழுதுகொண்டிருந்த பெரியவளை இழுத்து நிறுத்தி, "பெத்தவளுக்கு உன் மேல ஏதோ கோவம்டி. மன்னிப்பு கேளு, அப்பத்தான் காக்கா வரும்" என்றார்.

அந்த வெயிலில் நின்று பிள்ளை கேட்டாள். "தண்ணி ஊத்த மறந்துட்டேம்மா. தப்புதாம்மா. வந்து சாப்புடுமா."

காக்கை வரவில்லை. சோற்றை எடுத்துப் பசுவுக்கு வைத்தார்கள்.

ஓராண்டாகப் பெரியவள் புழக்கடைப் பக்கம் போவதில்லை. சின்னவள், "இது என்னா குருவிக்கா?" என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், தறியில் பாதியில் நின்ற சேலையை நெய்து முடித்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அன்று மன்னிப்புக் கேட்கச் சொன்னவர் கைக்கும் இந்த நினைவு மலர் வரும். உங்கள் பெயரை எழுதவில்லை. திதிக்கு வரும்போது, அம்மாவுக்குக் கோபமில்லை என்று அவளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள்.