கதவில்லாத ஜீப்

கருகிய கிளட்ச் வாடை வந்தால் இன்றும் என் கால்கள் கூசுகின்றன. எழுபதுகளில் ஒரு மழைநாள். குமுளியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏற இரண்டு வண்டிகள் நின்றன; கதவு வைத்த லேண்ட்ரோவர் ஒன்று, கதவே இல்லாத பழைய ஜீப் ஒன்று. எது நல்லது என்று ஜீப்காரரிடமே கேட்டேன். ஒடிசலான மனிதர், வெறுங்கால்.

“ஏறுறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். குதிக்கிறதுக்கு இதுதான்.”

சிரித்துக்கொண்டே ஏறினேன். வளைவுதோறும் என் தோளைத் தட்டி, “முழிச்சிருக்கீகளா?” என்று கேட்டபடியே ஓட்டினார்.

கடைசி ஏற்றத்தில் சக்கரம் சேற்றில் வழுக்கியது. ஜீப் பின்னோக்கிப் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது.

“குதிங்க சார்!”

குதித்துவிட்டேன். அவர் குதிக்கவில்லை. விளிம்பில் ஒரு பாறை தடுத்து ஜீப்பை நிறுத்தியது. கிளட்ச் கருகக் கருக வண்டியை மேலே ஏற்றி, என்னையும் மறுபடி ஏற்றிக்கொண்டார்.

தோட்டத்து வாசலில் இறங்கியதும், “நீங்க ஏன் குதிக்கலை?” என்றேன்.

“கதவில்லாதது உங்களுக்குத்தான் சார். என் காலு பிரேக்குலல்லவா இருக்கணும்?”